மலைக்கு ஆகாது, ஊட்டுக்கு ஆகும்

இன்று காலை கட்டிலுக்கடியில் பெருக்கும்போது விளக்குமாறு எதிலோ இடித்தது. இழுத்துப் பார்த்தால் நீங்கள் செய்த பேட்டரிப் பெட்டி. மேலே சாக்கட்டியில் உங்கள் கோணல் எழுத்து: ‘ஊடு’. வீடு என்பதை நீங்கள் பேசுகிறபடியே எழுதியிருந்தீர்கள். பெருக்குவதை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒண்டிக்கடையில் இருந்த உங்கள் பட்டறைக்கு வரும் கரண்டு ஸ்கூட்டர்களை முதலில் வெள்ளக்கடை மேட்டில் ஓட்டிப் பார்ப்பீர்கள். பாதியில் திணறினால் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுவீர்கள். “செத்த பேட்டரிதானுங்களே, கடாசிருங்க” என்று வண்டிக்காரர் யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“ஆருங்க செத்துப்போச்சுன்னு சொன்னது? மலைக்குத்தான் ஆகாது. ஊட்டுக்கு நொம்ப நாளைக்கு ஆகுமுங்க.”

பிரித்து, உப்பிப்போன செல்களை ஒதுக்கிவிட்டு, நல்லவற்றை மட்டும் சேர்த்துக் கட்டுவீர்கள். மழைக்காலத்தில் கரண்டு போனால் எஸ்டேட் லைன் வீடுகளில் எரிந்த பல்புகளெல்லாம் உங்கள் கைவேலைதான்.

நம் வீடோ எஸ்டேட் மேட்டின் உச்சியில். நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் என்பதால் கிடைத்த கோட்டர்ஸ். அதில் எனக்குப் பெருமை வேறு. ஒருநாள் சாயங்காலம் மேடேறி வந்தவர் உள்ளே வராமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தீர்கள்.

“ஏம்புள்ள, கீழ அடிவாரத்துல ஒரு ஊடு பாக்கலாமா? நானும் ஊட்டுக்கு மட்டும் ஆகுற பேட்டரி ஆயிட்டனாட்ட இருக்குது.”

நான் சிரித்துவிட்டேன். “எப்பப் பாத்தாலும் பேட்டரி பேச்சுத்தானுங்களா? என் வேலைய உட்டுப்போட்டு எங்கீங்க போறது? அடுத்த வருசம் பாக்கலாமுங்க.”

நீங்களும் சிரித்தீர்கள். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த மேட்டில்தான் விழுந்தீர்கள். காரியமெல்லாம் முடிந்து பட்டறையை ஒழிக்கும்போது ஸ்பேனர் டப்பாவுக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது. இருதயம் தாங்காது, மேடு ஏறக் கூடாது என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார் டாக்டர். நாலு மாதமாக அதை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அடப் பாவி மனுசா, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னீர்கள். தெரியும். உங்கள் பாஷையில் சொன்னீர்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை. ஒரு பழைய பேட்டரியைக்கூட மேடேற்றி வதைக்காத மனுசனை நான் தினமும் ஏறவிட்டேன்.

போன வாரம் எஸ்டேட்டில் மருத்துவ முகாம் போட்டார்கள். நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்த டாக்டரம்மா, “இருதயம் நல்லா இருக்குதுங்க, ஒரு கொறையும் இல்ல” என்றார். இல்லைதான். எந்த மேடானாலும் நிற்காமல் ஏறிவிடுகிறேன். நீங்கள் விழுந்த இடத்தில் மட்டும் ஒரு நாளாவது மூச்சு முட்டாதா என்று பார்க்கிறேன், முட்டமாட்டேன் என்கிறதுங்க.