நூற்றுப் பதினெட்டு

என் அருமை அக்காவுக்கு, உன் தங்கை எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக உன் போனை எடுக்காமல் விட்டேன். மூன்று முறை அடித்தாய். மூன்று முறையும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய்தான் வரும். அதனால் எழுதுகிறேன். கூரியரில் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். தனியாக இருக்கும்போது படி. குட்டி இப்போது எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் வாசிக்கிறாள் என்று பெருமைப்பட்டாயே, அவள் கையில் சிக்கவிடாதே.

குட்டிக்கு வாய்ப்புண் ஆறியதா? சாப்பிட அடம்பிடித்தால் கொஞ்ச நேரம் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல். நீயும் ஏதாவது சாப்பிடு. போன தடவை உன் வளையல் முழங்கைவரை ஏறியதைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன செய்தியைப் பற்றித்தான் எழுத வந்தேன். புது மருந்துச் சோதனையில் குட்டியைச் சேர்க்கிறார்கள், கட்டியில் ரத்தக்குழாய் எண்ணிக்கை நூறைத் தாண்டினால்தான் சேர்ப்பார்களாம், இவளுக்கு நூற்றுப் பதினெட்டு என்றாய். உன் மாமியார் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார் என்றாய். குட்டி போனைப் பிடுங்கி, சித்தி நான்தான் ஃபர்ஸ்ட், பக்கத்து பெட் அக்கா வெறும் எண்பது, ஃபெயிலு என்றாள். நானும் சிரித்தேன். பிறகு நீ படிவத்தின் மேல் மூலையில் இருந்த திசு மாதிரி எண்ணை வாசித்தாய்.

அந்த எண் போட்ட திசு எங்கள் லேபில் என் மேசைக்குத்தான் வந்தது, அக்கா. எங்களுக்குப் பெயர் வராது. மூன்று வாரம் முன்பு அதில் ரத்தக்குழாய்களை எண்ணியவள் நான். திசுவைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு முழுவதையும் எண்ணமாட்டோம். குழாய்கள் எங்கே மிக நெருக்கமாக இருக்கின்றன என்று தேடி, அந்த இடத்தில் மட்டும் எண்ணுவோம். மோசமான இடம்தான் எங்களுக்குக் கணக்கு. அப்படி ஒன்று அகப்பட்டால் லேபில் அதை 'அழகு' என்போம். அன்றைக்கு எதிர்மேசைக்காரியைக் கூப்பிட்டு, இங்க வந்து பாருடி, என்ன அழகுன்னு என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, சும்மா சொல்லக்கூடாது, ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்றாள். மாட்டியும் விட்டோம். மாடிப்படி பக்கத்தில் பெரிய படமாக இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் டீ குடிக்கப் போகிறேன்.

அந்த நூற்றுப் பதினெட்டு மார்க் இல்லை. செல்கள் தறிகெட்டுப் பெருகாமல் பிடித்துவைக்க உடம்பில் ஒரு புரதம் உண்டு. ரத்தக்குழாய்களையும் கண்டபடி வளரவிடாது. குட்டியின் கட்டியில் அது அடியோடு இல்லை. இன்னொரு ஸ்லைடில் அதையும் நானே பார்த்தேன். அதனால்தான் கட்டி தனக்கு வேண்டிய ரத்தத்தை இப்படி இழுத்துக்கொள்கிறது. புது மருந்து குழாய்களை நிறுத்தும், கட்டி பட்டினியில் சாகும் என்பது எண்ணம். ஆனால் பட்டினி வந்ததும் சாவதற்குச் செல்லைத் தள்ளுவதிலும் அதே புரதத்துக்குப் பங்கு உண்டு. அது இல்லாத செல்கள் தாக்குப்பிடிப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகளில் எப்படி என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் குழந்தைகள் வேண்டும்.

யாரோ ஒரு குழந்தையைப் பற்றிக் கேட்பதுபோல எங்கள் பெரிய டாக்டரிடம் கேட்டேன். பலன் இருக்கும் என்று நம்பவில்லை, ரத்தப்போக்கு வரலாம், ஆனால் நமக்கு நல்ல தகவல் கிடைக்கும் என்றார். நல்ல மனிதர்தான். பேசும்போது பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் நீ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு என்னிடம் பேசினாய். போதும்டி, இனி ஊசி குத்த அவ கையில இடமில்ல, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கு என்றாய். நான் வேணாம்னு சொன்னா பெத்தவளே கைகழுவிட்டான்னு காலத்துக்கும் பேசுவாங்க என்றும் சொன்னாய். தைரியமாக இரு என்று சொல்லிவிட்டு வைத்தேன். வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு முதல் நாள், நான் தப்பாக எண்ணிவிட்டேன், ஒரே குழாயை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன், சரியான கணக்கு எழுபது சொச்சம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். மறுபடி எண்ண அந்த ஸ்லைடு இருக்காது. கண்ணாடிதானே, கைதவறும். மிச்சத் திசுவும் தீர்ந்துவிட்டது. பதினேழு வருஷத்தில் நான் ஒரு ஸ்லைடைக்கூட உடைத்ததில்லை, நம்பிவிடுவார்கள். என்னை வேலையில் வைத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இல்லை, சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல். நூற்றுப் பதினெட்டு அப்படியே இருக்கும், நான் வாயைத் திறக்கமாட்டேன்.

சொல்லாவிட்டால், செய்தி வந்ததும் அத்தான் முன்னால், உன் மாமியார் முன்னால் என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. கூடப்பிறந்தவளே கழுத்தறுத்துவிட்டாள் என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழு. எட்டு மாதமாக நீ அழவே இல்லை, அக்கா. அன்றைக்கு உன்னை யாரும் அடக்கமாட்டார்கள்.

என்றும் உன்,
தங்கை