புடவைக்குப் பதிலாக வந்த மீன்

என் அன்பு அக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாத கடிதம் இது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் வருஷத் திதி முடிந்தது. படையலில் வைக்க அம்மா உனக்குப் புதுப் புடவை எடுத்து வைத்திருந்தாள். சித்தப்பா கேட்டால்தானே? புடவை எல்லார் வீட்டிலும் வைப்பதுதான், அவள் ஆசைப்பட்ட மீனை வைப்போம் என்று சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

எந்த மீன் தெரியுமா? மாண்டரின் என்கிற அந்த வண்ணக் கடல்மீன். சென்னை மீன் கடைக்கு நீ, நான், சித்தப்பா மூவரும் போனபோது நீ நகராமல் நின்று பார்த்தாயே, அதுதான். பார்த்தபின் வேண்டாம் என்று நீ திரும்பியதை அவர் வசதியாக மறந்துவிட்டார். "கல்லுல ஊர்ற குட்டிப் பூச்சிங்களத்தான் இது தேடித் தின்னும். நம்ம தொட்டி சின்னது, புதுசு. பட்டினி கெடந்து செத்துடும்பா" என்று நீ சொன்னாய். கடல்நீர்த் தொட்டி புதிதாக வைப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது என்று இரண்டே கோமாளி மீன்களை வாங்கி வந்தாய். போட்டதைத் தின்னும், நம் சின்னத் தப்புகளைத் தாங்கும் என்றாய். ஆசைப்படுவதும் வாங்குவதும் ஒன்றா அக்கா?

சித்தப்பா மீனையும் புடவை எடுப்பது போலவே எடுத்திருக்கிறார். "ஒடம்பு நீலம், கரை ஆரஞ்சு. எந்தத் தறியில வரும் இப்படி?" என்று பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களையே கூட்டிக் காட்டினார். வந்த உறவுகள் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன் மீன்கள் தீனிக்கு மேலே வந்தன. புதியது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லைக் கொத்திக் கொத்தியே வயிறு ஒட்டிப்போனது. திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரரிடம் போனில் கெஞ்சினேன்.

"புது எடம்னா அப்படித்தான் இருக்கும். தானா சரியாப் பூடும் சார்."

சரியாகவில்லை, செத்துப்போனது. துக்கம் விசாரிக்க வந்தவர் போல வந்த சித்தப்பா, அடுத்து மஞ்சளாக ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "அக்கா எடுத்தது ரெண்டும் உள்ள இருக்குது. இனிமே யாரும் எதுவும் எடுக்க வேணாம் சித்தப்பா" என்றேன். முகம் சுருங்கிப் போய்விட்டார். போகட்டும்.

ஆனால் தானாகச் சரியாகும் என்று கடைக்காரர் சொன்ன அந்த வார்த்தை இன்னும் காதில் எரிகிறது. போன வருஷம் அந்தக் கடைசிக் காய்ச்சலில் நீ படுத்திருந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டதற்கு நீயும் இதையேதானே சொன்னாய்? வாராவாரம் தொட்டித் தண்ணீரைச் சோதித்தவள், உன் ரத்தத்தை ஒரு தடவை சோதிக்க ஏன் விடவில்லை? மீன் மேல் இருந்த அக்கறையில் கொஞ்சம் உன் மேல் வைத்திருக்கக் கூடாதா?

நேற்றிலிருந்து அம்மாவுக்கு உடம்பு சுடுகிறது. கேட்டால், தானாகப் போய்விடும் என்கிறாள். அந்தப் பேச்சை இந்த வீட்டில் இனி நான் கேட்க மாட்டேன். பேனாவை மூடியதும் அவளைத் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சத்தியம் அக்கா.

உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடாத
உன் தம்பி