நான் நிற்காத பாறை

ஜன. 5, திங்கள்

நல்ல பனி. பாலாற்றுப் பாலத்தில் லாரிகள் எல்லாம் காலை ஏழு மணிக்கும் விளக்கு போட்டுக்கொண்டு. பஸ் லேட். ஆனாலும் ஃபேக்டரியில் நான்தான் முதல் ஆள். சீக்கிரம் வந்ததற்குக் காரணம் காலண்டர். யாரும் வருவதற்குள் ஒரு தடவை தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாளி இந்த வருஷக் காலண்டரில் நான் எடுத்த போட்டோவைப் போட்டுவிட்டார். பாறை மேல் வரையாடு, மூக்கைத் தூக்கிக்கொண்டு. கீழே என் பெயர். ஆம்பூர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. தோல் தரம் பார்க்கும் எங்கள் ஹாலிலும் ஒன்று, என் மேஜைக்கு நேர் எதிரே.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன், வேறு எங்கே சொல்வது. அது மலை ஆடு இல்லை. சென்னைப் பக்கம் மிருகக்காட்சி சாலை ஆடு. போன வருஷம் என் மனைவி செல்வியோடு போனபோது கம்பி வலையின் ஓட்டையில் லென்ஸை ஒட்டிவைத்து எடுத்தது. ஏலகிரியைத் தவிர நான் எந்த மலையையும் பார்த்ததில்லை.

டீ நேரத்தில் நசீர் பாய் (இனி ந.பா.) வந்து தோளில் கை போட்டார். பதினாறு வருஷமாக எதிர் மேஜை. என் போட்டோவைப் பார்த்துத்தான் போன வருஷம் அவரும் கேமரா வாங்கினார்.

"மூர்த்தி, மார்ச்சுல முட்டி ஆபரேஷன். அதுக்கப்புறம் மலையெல்லாம் மறந்துடுன்றாரு டாக்டர். அதுக்குள்ள என்னை அங்க கூட்டினு போ. நீ படுத்துனு எடுத்தியே, அதே பாறை. நானும் ஒரே ஒரு போட்டோ."

"போலாம் பாய்."

எனக்கு வாய்க்குப் பூட்டு போட ஆள் இல்லை.

ஜன. 7, புதன்

செல்விக்குத் தலைவலி. காஸ் தீர்ந்துவிட்டது. இட்லி கடையில்.

பயணத்துக்கு:
— வனத்துறை அனுமதி, இரண்டு பேர். ஆதார் நகல்.
— ஜோலார்பேட்டையில் ரயில், கோவையில் இறங்கி மலை பஸ்.
— ஸ்வெட்டர், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு.
— ந.பா. கேமராவுக்கு இன்னொரு பேட்டரி. குளிரில் சீக்கிரம் இறங்கும் (படித்தது).
— 24 சனி லீவு. 25 ஞாயிறு. 26 குடியரசு தினம். அதை விட்டால் கதை முடிந்தது, பிப்ரவரியில் ஆடுகள் குட்டி போடும் சமயம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள்.

இதுவரை நான் சொன்னவை (மறந்தால் செத்தேன்):
— மூன்று மணி நேரம் பாறையில் குப்புறப் படுத்திருந்தேன்.
— காலில் அட்டை ஏழு. ஐந்து என்றும் ஒரு தடவை சொன்னேனோ?
— வழிகாட்டி பெயர் மாரி. செருப்பே போடமாட்டார். நான் வழுக்கிய இடத்தில் கையைப் பிடித்து இழுத்தார்.
— மூன்றாவது வளைவில் டீக்கடை. மூன்று கால் நாய்.

நாய் எதற்கு? யார் கேட்டார்கள்? முதல் நாள் ந.பா. போனில் படத்தைப் பார்த்துவிட்டு "மலையிலயா எடுத்த?" என்றார். "ம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து மீதி எல்லாம் தானாக வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த எதையும் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஜன. 8, வியாழன்

வெயில். மதியம் வரை ஆட்டுத்தோல், மூன்று கட்டு. எங்கள் தொழில் இதுதான்: ஒவ்வொரு தோலையும் விரித்து, ஆடு உயிரோடு இருந்தபோது பட்டதை எல்லாம் கண்டுபிடித்துத் தரம் பிரிப்பது. உண்ணித் தழும்பு, முள் கீறல், அம்மை, கம்பி உரசல்.

சாப்பிடும்போது சும்மா நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தேன். கழுத்தில் கோடு.

இடது பக்கம், ஒரு விரல் அகலம், ஸ்கேல் வைத்தது மாதிரி நேராக முடி தேய்ந்திருக்கிறது. தினமும் இரண்டு கம்பிக்கு நடுவே தலையை நீட்டித் தீனி தின்கிற ஆடு. போனில் தெரியவில்லை. காலண்டர் சைஸில் பளிச்சென்று தெரிகிறது.

சோற்றை மூடிவிட்டேன். வேறு எந்த ஊர்ச் சுவரில் மாட்டியிருந்தாலும் ஒரு கண்ணிலும் படாது. இந்த ஹாலில் நாற்பது பேர், நாற்பது பேருக்கும் இதைப் பார்க்கத்தான் சம்பளம். நானே எட்டு மாதமாகப் பார்க்கவில்லையே. வெட்கம்.

கை கழுவும் இடத்தில் இரண்டு பேர்: "காட்டுல இவ்ளோ தீனியாடா? மாப்ள மாதிரி கீது." சிரிப்பு. நான் உள்ளே போனதும் குழாயைத் திறந்துவிட்டார்கள்.

போகும்போது காலண்டர் ஆணியில் என் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு வந்தேன், ஆட்டின் கழுத்து மறைகிற மாதிரி. காலையில் யாரோ எடுத்து மேஜையில் வைத்துவிடுவார்கள். தெரிந்தேதான் மாட்டினேன்.

ஜன. 11, ஞாயிறு

காலை முழுக்க யார் யாரோ போட்ட வீடியோக்கள். பாதை, பாறை, பனி. எந்தப் பாறையைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்க. நான்கு பாறை பார்த்து ஒன்றை முடிவு செய்தேன். பெண் பார்த்தபோது கூட இவ்வளவு யோசித்ததில்லை.

வளைவில் டீக்கடை எதுவும் கண்ணில் படவில்லை. "கடையை எடுத்துட்டாங்க பாய்" என்று சொல்ல வேண்டும். நாயும் போயிருக்கும்.

செல்வி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சொல்லிடுங்களேன். பாய் இன்னா, அடிச்சிடவா போறாரு?"

அடித்தால் பரவாயில்லையே.

"நீங்க மலைக்குப் போயி நிஜமாவே ஒண்ணு எடுத்துட்டா, இது சரியாயிடும்னு நினைக்கிறீங்க. அதானே?"

அதேதான். உண்மையான ஆடு, உண்மையான பாறை, அவரும் பக்கத்தில். பழைய படம் தானாக மறந்துபோகும். அதற்காக எதையும் செய்வேன். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை.

ஜன. 13, செவ்வாய்

ந.பா. தினமும் காலையில் ஆற்று மணலில் நடக்கிறாராம், மலைக்குப் பழக்கம். முட்டிக்கு இரண்டு பட்டை. இன்று பார்த்தேன், படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. அந்தக் கால் என்னால்தான் நடக்கிறது.

"வலி ஜாஸ்தியா பாய்?"

"அது கிடக்குது. மாரிக்கு கால் சைஸ் இன்னா?"

"எதுக்கு?"

"சொல்லுடா."

"எட்டு," என்றேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எட்டு என்னுடைய சைஸ்.

ஜன. 16, வெள்ளி

மாட்டுப்பொங்கல். ஒடுகத்தூரில் மாமியார் வீடு. மாட்டுக்கு மஞ்சள் தடவும்போதும் கை தானாகத் தோலைத் தடவிப் பார்க்கிறது. "மாப்ள மாட்ட வாங்கப் போறாரா?" என்று மச்சான் கேலி.

போனில் மெயில். அனுமதி வந்துவிட்டது. இருவருக்கும், 25ஆம் தேதி. இதற்காகப் பத்து நாளாக வேண்டிக்கொண்டவன், வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ந.பா. அந்தக் காலோடு ஏறப்போகிறார். நான் முன்னால் நடந்து "இதுதான் பாய், இங்கதான்" என்று கையை நீட்டிக் காட்டப்போகிறேன். என்னால் முடியாது. முடியும் என்று நினைத்தேன். முடியாது.

சாயங்காலம் அவருக்கு போன் செய்து, அனுமதி கிடைக்கவில்லை, கோட்டா முடிந்துவிட்டதாம் என்றேன்.

"பரவால்லடா, நீ பேஜார் ஆவாத," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வைக்கோல் போர் பக்கம் போய் அழுதேன். பீடி பிடிக்கப் போனேன் என்று மச்சான் நினைத்துக்கொண்டான்.

ஜன. 19, திங்கள்

என்னைப்போல் முட்டாள் வேலூர் மாவட்டத்தில் இல்லை, திருப்பத்தூரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு நம்பர் கேட்டிருந்தார்கள். ந.பா. நம்பரைக் கொடுத்திருக்கிறேன். பதினாறு வருஷமாக எந்த ஃபாரம் வந்தாலும் நான் அவர் நம்பர், அவர் என் நம்பர். கை தானாக எழுதியிருக்கிறது. மெசேஜ் அவருக்கும் போய்விட்டது.

ஹாலில் நுழையும்போதே பிரிண்ட் எடுத்த காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். "கோட்டா எல்லாம் ஒண்ணுமில்ல, கெடச்சிடுச்சிடா! யாரோ உனக்குத் தப்பா சொல்லிக்கிறான்!"

யாரோ சொல்லியிருக்கிறான். நான் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஜன. 20, செவ்வாய்

டீ நேரம். ந.பா. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டப்பா. உள்ளே ஷூ. பழுப்பு, கனமான அடி, பாறையில் வழுக்காத ரப்பர். சாம்பிள் ரூமில் ஒரு தையல்காரரைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமை தைத்தது. தோல் அவரே பொறுக்கியது. ஒரு கீறல், ஒரு உண்ணித் தழும்பு கிடையாது. முதல் தரத்திலும் முதல்.

"மாரிக்கு. உன் கைய புடிச்சி இழுத்த ஆளு, செருப்பு இல்லாம நடக்கறான்னு சொன்னியே. மனசு கேக்கல."

நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நல்லாருக்கு பாய்" என்றேன்.

வீட்டில் ரசம் மட்டும். தூக்கம் வராது என்று தெரியும்.

ஜன. 21, புதன்

சொல்லிவிட்டேன்.

மதியம், உப்பு மூட்டைகள் அடுக்கிய கொட்டகை பக்கம். முழுவதும் சொன்னேன், மிருகக்காட்சி சாலை, கம்பி வலை, "ம்". கடைசியில் அவர்:

"மாரி?"

"இல்ல பாய்."

"அப்படி ஒரு ஆளே இல்லியா?"

"இல்ல."

"அந்த நாயி?"

"அதுவும் இல்ல பாய்."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கை ஓங்கியிருந்தால் கூட வாங்கியிருப்பேன்.

"கழுத்துல கோடு. காலண்டர் வந்த அன்னைக்கே பார்த்தேன். ஏதோ தோட்டத்து வேலில உரசிருக்கும்னு நானே எனக்கு சொல்லிக்கினேன். இவனுங்க எல்லாம் கேட்டப்ப அவனுங்களுக்கும் அதையேதான் சொன்னேன். சண்ட போட்டேன்டா உனக்காக. குமரேசன்கூட இன்னும் பேசறதில்ல."

குமரேசன் எங்கள் சூப்பர்வைசர். இரண்டு வாரமாக இரண்டு பேரும் முகம் கொடுக்காமல் இருந்தது எனக்குத் தெரியும். ஓவர்டைம் தகராறு என்று நினைத்தேன்.

"பாய், மன்னிச்சிடுங்க."

"பர்மிட்டு என் பேருக்கும் இருக்குதில்ல. நான் போறேன். நீ வராத."

ஜன. 22, வியாழன்

சாப்பாட்டுக்கு வேறு மேஜைக்குப் போய்விட்டார். எனக்கு எதிரே காலி ஸ்டூல். தோல் தப்புத் தப்பாகப் பிரித்தேன், இரண்டாம் தரத்தை முதலில் போட்டு குமரேசனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று தடவை பக்கத்தில் போனேன். "பாய், தனியா வேணாம், முட்டி. நான் பேசாம பின்னாடி வர்றேன். உங்க கண்ணுலயே பட மாட்டேன்." தோலைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

ஜன. 23, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து அவர் திரும்ப ஃபேக்டரிக்கு வரவில்லை. ஷூ டப்பா மேஜைக்கு அடியில் இல்லை. எடுத்துப் போனாரா, யாருக்காவது கொடுத்தாரா, கேட்க எனக்கு என்ன உரிமை.

மாலை ஆறு மணிக்கு பாபியிடமிருந்து போன், அவர் மனைவி.

"தம்பி, ஜுரம்னு சொன்னாரு, எப்படி இருக்குது? நீ கூட போறேன்னுதான் நானே சரின்னேன். இப்ப ஒண்டியா போறாரு, சொன்னா கேக்கல."

எனக்கு ஜுரம் என்று சொல்லியிருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்து வீட்டில் பொய் சொல்லாத மனுஷன்.

"ஆமா பாபி. நூத்திரெண்டு."

போனை வைத்த பிறகும் செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு அவரது ரயில் ஜோலார்பேட்டைக்கு வரும் நேரம் பார்த்தேன். கையில் ஒரு பை, தோளில் ஒரு பை, அந்த முட்டியோடு ஸ்டேஷன் படிக்கட்டு.

ஜன. 24, சனி

லீவு எடுத்தது எடுத்ததுதான். வீட்டில் சும்மா. கோவை வெதர் பார்த்தேன், மலை வெதர் பார்த்தேன். மழை இல்லை. பாபிக்கு ஒரு மெசேஜ் வந்ததாம், "போய் சேர்ந்தேன்" என்று. எனக்கு இல்லை.

ஜன. 25, ஞாயிறு

காலையிலிருந்து போன் கையிலேயே. குளிக்கும்போது செல்வியிடம் கொடுத்துவிட்டுக் குளித்தேன். கறி எடுக்கவில்லை. எட்டு மணிக்கு ஏற ஆரம்பித்திருப்பார். ஒன்பதரைக்கு அந்த செங்குத்து, வீடியோவில் பார்த்த இடம். கால் மடங்கினால் கையைப் பிடிக்க யார்? வனத்துறை ஆள் ஒருத்தர் கூட வருவார் என்று போட்டிருந்தது. அவருக்கு எந்தக் கால் என்று தெரியுமா? வலது கால் என்று யாராவது சொன்னார்களா?

பதினொன்றே முக்கால். அவர் நம்பர்.

முதலில் காற்றுச் சத்தம் மட்டும். அப்புறம் மூச்சு.

"பார்த்தேன்டா."

"பாய்! முட்டி எப்படி?"

"பதிமூணு. அதுல ரெண்டு குட்டி. பனி அப்படியே விலகுது, பார்த்தா பத்தடில நிக்குது. என்னையே பார்த்துச்சு. பயப்படவே இல்ல." குரல் உடைந்தது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. எனக்கு இங்கே கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"போட்டோ எடுத்தீங்களா பாய்?"

"எடுக்கல."

"ஏன் பாய்? பேட்டரியா?"

"எடுத்தினு வந்து எங்க காட்டறது? எவன்டா நம்புவான்?"

நான் நம்புவேன் பாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். லைன் கட். நான்கு தடவை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.