பாதிச் செலவுக்கு ஒரு துணை

பிப்ரவரி 9

இன்றைக்கு முழுக்கக் காலர். பள்ளிச் சீருடை ஆர்டர் வந்து குவிந்துவிட்டது. முதலாளிக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம். சாயங்காலம் கண் இரண்டும் மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது. என் தையல் மெஷினுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். இத்தனை வருஷமாக என் பார்வை போய்த் திரும்பும் தூரம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்: "எனக்கு எங்கயாவது போய் நல்லா தூரமா பாக்கணும்."

"மொட்டை மாடிக்குப் போயேன்."

மாடியில் நின்றால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதையா பார்க்க? "இமயமலைக்குப் போகப் போறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திரும்பிப் போக மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 24

மலை நடைக்கு ஏற்பாடு செய்கிற அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். பல நாள் நடந்து, கடைசியில் ஒரு கணவாய். அதன் மேல் ஏறி நின்றால் சுற்றிலும் பனிமலைதானாம், கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும். எனக்கு அங்கேயே உடம்பு சிலிர்த்தது.

பிறகு செலவைச் சொன்னாள். சிலிர்ப்பு அடங்கியது. தனியாகப் போனால் கைடு, அறை, வண்டி எல்லாம் என் ஒருத்தி தலையில். இரண்டு பேர் என்றால் பாதி. "துணைக்கு யாரும் இருக்காங்களா மேடம்?"

பாதிக்கு என்னிடம் பணம் இருக்கிறது. முழுசுக்கு இன்னும் நாலு வருஷம் காலர் தைக்க வேண்டும். என் முழங்கால் அதுவரை பொறுக்குமா?

மார்ச் 8

யாரும் வர மாட்டார்களாம். அவருக்குக் குளிர் ஆகாது. என் தங்கைக்கு இடுப்பு. கடையில் பட்டன் கட்டுகிறவள் சொன்னாள்: "காசு குடுத்து மூச்சு வாங்கணுமாக்கும்? எங்க வீட்டு மாடிப்படி ஏறுங்க, சும்மாவே விடறேன்."

மார்ச் 15

நம்ப முடியவில்லை. பால் வாங்கும் இடத்தில் ஓரகத்தி, அவருடைய தம்பி மனைவி, எதிரே வந்து நின்றாள். வீட்டைப் பங்கு பிரித்ததில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருப்பது அதற்கு இலவச இணைப்பு. ஆறு வருஷம்!

"அக்கா, மலைக்கு ஆள் தேடறீங்களாமே. நான் வரேன். என் பங்கு நான் போட்டுடறேன்."

நான் பால் பையைப் பார்த்துக்கொண்டே "யோசிக்கிறேன்" என்றேன். இவள் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். வருகிற நோயாளி எல்லாரிடமும் குடும்பக் கதை முழுக்கக் கேட்டு, தன் கதையையும் சொல்லி அனுப்புவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். நான் மனசுக்குள் வைத்த பெயர் ரேடியோ. இதோடு பத்துப் பன்னிரண்டு நாளா? சாமி!

மார்ச் 16

சரி என்று சொல்லிவிட்டேன். பாதிச் செலவு. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

ஜூலை 2

மலைக் குளிரில் உள்ளே புகுந்து தூங்குகிற ஸ்லீப்பிங் பேக், அதன் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. துணியைக் கையில் பிடித்துப் பார்த்தேன், நான் தைக்க முடியாத வித்தை ஒன்றும் அதில் இல்லை. கடையில் மிஞ்சிய நைலான் துணி, மொத்தக் கடையில் வாங்கிய பஞ்சு. நாலு ராத்திரியில் இரண்டு பை. பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க விரல் அகலத்துக்கு ஒரு வரி, குறுக்கே ஓட்டுத் தையல் போட்டிருக்கிறேன். வளர்கிற பிள்ளைச் சட்டைக்கு விடுகிற மாதிரி சுற்றளவில் தாராளம். முதலாளி தடவிப் பார்த்து, "விலைக்குப் போடலாமே" என்றார். பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல?

சுமை தூக்க ஆள் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம். அது பெரிய மிச்சம்.

அக்டோபர் 8

நடக்கத் தொடங்கியாயிற்று. கைடு நடுவயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். என் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "கல்லா அம்மா?" என்றார். கல் இல்லை, வறுத்த கடலையும் பிஸ்கட்டும். வழிச் சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடிக்கத்தான்.

ராத்திரி தங்கும் விடுதிக்காரம்மா குண்டைப் போட்டாள். "ரூமுக்கு ஒண்ணும் பெருசா வாங்க மாட்டோம். ஆனா சாப்பாடு இங்கதான் சாப்பிடணும். சொந்தச் சாப்பாடுன்னா ரூம் வாடகை வேற." வழி நெடுக எல்லா விடுதியிலும் அப்படித்தானாம்! ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இமயமலைக்கே கடலை கொண்டுவந்த மொத ஆள் நீங்கதான்." எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பும் வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் போர்வைக்குள் சிரித்தேன்.

அக்டோபர் 10

இன்றைக்குப் பார்த்தேன்.

மலை எங்கே இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. காட்டுக்கு மேலே, பாறைக்கு மேலே என்று தேடினேன். ஒரே மேகம். "ஒண்ணும் தெரியலையே" என்றேன். கைடு சிரித்தார். "அங்க இல்லம்மா. இன்னும் மேல பாருங்க." பார்த்தேன். "இன்னும் மேல." கழுத்து பின்னால் சாய்ந்தது. மேகமெல்லாம் முடிந்துபோய், சூரியனைத் தேடுகிற உயரத்தில், நீல வானத்தின் நடுவே வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. அய்யோ! மண்ணோடு அதற்கு ஒட்டு உறவே இல்லாத மாதிரி.

மூட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில் ஒரு சரிவிலிருந்து பனி புகை போல இறங்கியது. சத்தமே இல்லை. எல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் இடிச் சத்தம் வந்து சேர்ந்தது. சத்தமே நடந்து வரவேண்டிய தூரம்! அவ்வளவு தூரத்தை என் கண் ஒரு நொடியில் தாண்டியிருக்கிறது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்த கண்.

சாயங்காலம் கண் எரியவில்லை என்பதை ராத்திரிதான் கவனித்தேன்.

அக்டோபர் 12

முந்தாநாள் ராத்திரி குளிரில் செத்துப் பிழைத்தோம். என் பை என்னைக் கைவிட்டது. தையல் போட்ட வரி எல்லாம் பஞ்சு நசுங்கிக் கிடக்கிறது, அந்த வரி வழியாகக் கத்தி மாதிரி குளிர் இறங்குகிறது. நான் எவ்வளவுக்கெவ்வளவு நெருக்கமாகத் தைத்தேனோ அவ்வளவு கத்தி. விடுதிக் கம்பளிக்குத் தனிக் காசு, அதுவும் ஆள் நிறைந்ததால் இல்லை.

நேற்று வெளிச்சம் இருக்கும்போதே ஒரு பையை இன்னொன்றுக்குள் நுழைத்தேன். உள் தையல் மேல் வெளித் தையல் விழாதபடி கொஞ்சம் நகர்த்திக் கையால் நாலு இடத்தில் முடிச்சுப் போட்டேன். இப்போது குளிர் புகவில்லை. ஆனால் பை ஒன்றுதான்! ஆள் இரண்டு!

"வாங்கக்கா, ஆறு வருஷம் பேசாததுக்கு அபராதம்" என்று அவள் உள்ளே நகர்ந்து இடம் விட்டாள். ஒருத்தி புரண்டால் இன்னொருத்தியும் புரள வேண்டும். காதுக்குள்ளேயே ரேடியோ. ஆனால் சூடாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 14

மரம் முடிந்துவிட்டது. இனி கல், பனி, வானம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிகரம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பேசவே கூச்சமாக இருக்கிறது. ரேடியோகூட காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. அப்பாடா! மலை அவள் வாயையும் அடைத்துவிட்டது.

அக்டோபர் 15

இன்றும் பேசவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டாள். காசு கொடுத்து வாங்கினதாயிற்றே என்று நான் தின்றேன். நாளை மேல் விடுதி. நாளை மறுநாள் விடியும்போது கணவாய்.

அக்டோபர் 17

கீழே கிராமத்தில் இருக்கிறோம்.

நேற்று மதியம் மேல் விடுதிக்கு வந்து சேர்ந்ததும் குளிருக்குப் பயந்து பைக்குள் புகுந்தோம். அவள் உடம்பு என்னோடு ஒட்டிக் கிடந்ததால்தான் தெரிந்தது. மூச்சு நிற்கிறது, அப்புறம் திடுக்கென்று வருகிறது. "ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கோ" என்றேன். போட்டாள். போட்டாள் என்றால், பட்டனைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. தெரியல அவளுக்கு! ஒரு பட்டன் போடத் தெரியல!

கத்தினேன். கைடு ஓடி வந்தார். தரைப்பலகைக் கோட்டின் மேல் அவளை நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியில் என் மேல் சாய்ந்தாள்.

"உயரம் ஒத்துக்கல. இப்பவே எறக்கணும். காலைல வரைக்கும் வச்சிருக்கக் கூடாது."

"எப்பலேர்ந்துடி தலைவலி?"

"முந்தாநேத்துலேர்ந்து" என்றாள், நாக்கு குழறி. "ஒரே கைடுதானக்கா. நான் எறங்கினா நீங்களும் எறங்கணும். நீங்க பாக்கணும்ல... அதான் சொல்லல. நான் இப்படியே படுத்திருக்கேன். நீங்க போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

கணவாய் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இரண்டு மலைக்கு நடுவே சின்னப் பள்ளம். அவ்வளவு பக்கம். அதைப் பார்த்தேன், இவளைப் பார்த்தேன். பாவி, ஏன் என்கிட்ட சொல்லலை? ஆறு வருஷமா உன் முகத்தைக்கூட நான் நேரா பார்த்தது கிடையாதே, எனக்காக நீ ஏன் சாகணும்?

மூட்டைகளை விடுதியிலேயே போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினோம். அவள் கால் எங்கே விழுகிறது என்பதைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. கைடு மூச்சு வாங்க நின்ற ஒரே ஒரு இடத்தில் திரும்பினேன். பள்ளத்தாக்கு இருண்டுவிட்டது. மேலே மட்டும் சிகரம் சிகரமாக, அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து எரிந்துகொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, வானத்தைச் சுற்றி வளைத்து அத்தனையும். ஒரு சத்தம் இல்லை. அழுதேன். கணவாய் போயிற்றே என்றா, இவ்வளவு அழகாக இருக்கிறதே என்றா, இவள் போய்விடுவாளோ என்றா? இப்போதும் தெரியவில்லை.

"நடங்கம்மா" என்றார் கைடு.

அக்டோபர் 18

காலையில் கண்ணைத் திறந்து, "அக்கா, அந்தக் கடலை மிச்சம் இருக்கா?" என்றாள். இறங்கினால் இவ்வளவு சீக்கிரம் சரியாகுமா! ஒரு கிண்ணம் சூப், இரண்டு தட்டுச் சாப்பாடு, அப்புறம் விடுதிக்காரம்மாவின் மருமகள் கதை முழுக்க. மூட்டை எடுத்துவரக் கைடு மேலே போயிருக்கிறார். நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் குறைக்கச் சொல்லத் தோன்றவில்லை.

அக்டோபர் 23

ஊர் வந்தோம். ஸ்டேஷனில் அண்ணன் ஒரு முனையிலும் தம்பி ஒரு முனையிலுமாகக் கூப்பிட்டுப்போக நின்றார்கள். "ரெண்டு வண்டிக்கு எதுக்கு தண்டச் செலவு?" என்று இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினேன். அவர்கள் பேசவில்லை. இவள் பேச்சில் அது யாருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 30

காலர்.

மார்ச் 11

கிளினிக் டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், அந்த உயரத்துக்கு இனி வேண்டாம் என்று. முடிந்தது கதை என்று நினைத்தேன். சாயங்காலம் வந்து நின்றாள்.

"நான் கீழ கிராமம் வரைக்கும் வரேன். அங்க இருக்கேன். நீங்க மேல போங்க. கூட ஒரு ஆள் வச்சுக்கலாம், எனக்கு ஒண்ணுன்னா அவர் பாத்துப்பார். பாதிச் செலவு என்னுது."

"கணவாயைப் பாக்காமலே பாதி எதுக்குடி குடுக்கணும்?"

"அது என் கணக்கு. நீங்க தலையிடாதீங்க."

நான் சண்டை போட்டேன். அவளிடம் பேச்சில் ஜெயிக்க முடியுமா?

அக்டோபர் 16

ஏறிவிட்டேன்.

எப்படி எழுதுவது? கணவாய் வரை நான் பார்த்ததெல்லாம் முன்வரிசைதான். அந்தப் பக்கம், ஒன்றன் பின் ஒன்றாக, வெள்ளையாக, அப்புறம் நீலமாக, அப்புறம் வானமா மலையா என்று தெரியாத ஏதோ ஒன்றாக... என் பார்வை போய்க்கொண்டே இருந்தது. முட்டவே இல்லை. தடுக்க ஒன்றும் இல்லை. நெஞ்சு வலிக்கிற அளவுக்குப் பெரிசு. என்னை அங்கே யாரும் எதற்கும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அது அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

காற்றுகூட நின்றுவிட்டது. அப்படி ஒரு அமைதிக்குத்தானே ஏங்கினேன்? கொஞ்ச நேரத்தில் அது தாங்கவில்லை. "இங்க பாருடி" என்று வாய்விட்டுச் சொன்னேன். "இடது பக்கம் ஒண்ணு கூம்பா நிக்குது. அதுக்குப் பின்னால பார், அது இன்னும் பெரிசு..." கைடு திரும்பிப் பார்த்துவிட்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றார். நான் நிறுத்தவில்லை. ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.

அக்டோபர் 17

மதியம் கிராமத்துக்கு இறங்கினேன். விடுதி வாசலிலேயே நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. மூட்டையைக்கூட இறக்கவில்லை, சொல்லத் தொடங்கினேன். விடுதிக்காரம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேர் சாப்பாடும் ஆறிப்போயிற்று. தொண்டை கட்டி, பேச்சு நின்றபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.