யோகா விட்ட நிபந்தனை

அன்பு யோகா,

உனக்குக் கடிதம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. இறந்தவர்கள் வாசிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. அது உனக்கும் தெரியும். நம் கணிதப் போட்டியின் மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'அன்னார் பண்பில் சிறந்தவர்' என்று தொடங்கினேன், அழித்தேன். வேறு விதமாகத் தொடங்கினேன், அதையும் அழித்தேன். உன்னைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. உன்னோடு வாதாடத்தான் வருகிறது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும், நான் உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

உன் கடைசிக் கேள்வி பிழை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி எழுதி, படம் பிடித்து என் போனுக்கு அனுப்பினாயே, அந்தக் கேள்விதான். அது வந்த நேரம் நான் உன்னைப் பார்க்க வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். கேள்வியைப் பார்க்கும் மனநிலை இருக்கவில்லை. பிறகு நீ இல்லாமல் போனாய், அது போனிலேயே கிடந்தது. இந்த வருடப் போட்டியை உன் நினைவாக நடத்துவது என்று முடிவானதும் உன் புருஷன் பாலா அண்ணா அதைப் பற்றிக் கேட்டார். "அவ கடைசியா ஒரு கணக்குப் போட்டவ. அதை அப்பிடியே, ஒரு எழுத்தும் மாத்தாமல் வினாத்தாளிலை போடுவீங்களோ?" குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்; படத்தைக் குழுவின் வாட்ஸ்அப்பிலும் போட்டேன். அன்று பின்னேரம்தான் அதை உட்கார்ந்து படித்தேன்.

உன் எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது, மற்றப்படி தெளிவு. f என்பது மெய்யெண்கள் எல்லாவற்றுக்கும் வரையறுக்கப்பட்ட ஒரு தொடர்ச்சியான சார்பு. எந்த x ஐ எடுத்தாலும் f(2x) = 2f(x). அப்படியானால் f(x) = cx என நிறுவுக. அதாவது, மாறியை இரட்டித்தால் விடையும் இரட்டிக்கிறது; எனவே அது பூச்சியத்தினூடாகப் போகும் ஒரு நேர்கோடு என்று காட்ட வேண்டும்.

வாசிக்கும்போது அழகாக இருக்கிறது. இருக்கத்தான் செய்யும், அதனால்தானே ஆபத்து. x ஐப் பாதியாக்கு, பாதியைப் பாதியாக்கு, பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போ, அங்கே தொடர்ச்சி கைகொடுக்கும் என்று மனம் தானாக ஓடுகிறது. ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் நிறுவப்படவில்லை. f(0) = 0 என்பது மட்டும்தான் கையில் மிஞ்சுகிறது. அதற்குத் தொடர்ச்சிகூடத் தேவையில்லை.

தொடர்ச்சி போதாது, யோகா. பூச்சியத்தில் வகையிடத்தக்கது என்று நீ சொல்லியிருக்க வேண்டும்.

இதை வாசிப்பவர்களுக்கு நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பேராதனையில் படித்த காலத்தில் விளையாட்டாகத் தொடங்கியது அது. ஒருவர் கேள்வி அமைத்தால் மற்றவர் அதை உடைக்கப் பார்க்க வேண்டும். சும்மா பார்க்கச் சொன்னால் எவரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை, "நல்லாயிருக்கு" என்று திருப்பித் தந்துவிடுவார்கள் என்று நீதான் சொன்னாய். ஆகவே முதல் வரைவில் வேண்டுமென்றே ஓர் ஓட்டை விடுவது நம் விதி. ஒரு நிபந்தனையைத் தவறவிடுவோம், அல்லது ஒன்றை இன்னொன்றாக மாற்றி வைப்போம். ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தால் படிக்கிறவர் விடமாட்டார். நீ கேள்விக்குக் கீழே 'உடை பாப்பம்' என்று எழுதி அனுப்புவாய். நீ நினையாத ஓட்டையை நான் கண்டுபிடித்தாலோ, முகம் மாறாமல், "அதுவும் வேணுமெண்டு விட்டதுதான் மச்சாள்" என்பாய். நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

இந்தக் கேள்விக்குக் கீழே 'உடை பாப்பம்' இல்லை.

அதுதான் என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. எழுத மறந்தாயா? களைத்துவிட்டாயா? ஊசி மருந்து உன்னை அரை மயக்கத்தில் வைத்திருந்த நாட்கள் அவை. என் பெயரையே ஒரு தடவை தேடித்தான் எடுத்தாய். அல்லது, இனி எனக்குச் சொல்லத் தேவையில்லை என்று விட்டாயா? இரண்டுக்கும் ஒரே அளவு ஆதாரம்தான் என்னிடம் இருந்தது.

வீட்டில் இருக்க முடியாமல் குளத்தைச் சுற்றி நடந்தேன். கல்லூரிப் பிள்ளைகள், பூ விற்பவர்கள், படம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் நடுவில் என் தலைக்குள் f(2x) = 2f(x) ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று முடிவதற்குள் உடைத்துவிட்டேன். x ஐ, x இன் மடக்கையை உள்ளே வைத்த ஒரு சைன் சார்பால் பெருக்கினால் போதும். இரட்டிக்கும்போது மடக்கை ஒரு படி ஏறும். சைன் ஒரு முழு அலை அடித்துப் பழைய இடத்துக்கே வரும். பூச்சியத்தை நோக்கி வரவர அலை சுருங்கும், அடங்காது. தொடர்ச்சியானது, உன் சமன்பாட்டை மதிக்கிறது, ஆனால் நேர்கோடு இல்லை. பிழைதான் என்று உறுதியானதும் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

சனிக்கிழமை வினாத்தாள் குழு கூடியது. உன் இடத்துக்கு அக்குறணையிலிருந்து வரும் ஃபஹ்மியா டீச்சரைச் சேர்த்திருக்கிறோம். நம்மைவிட நன்றாக இளையவள். கெட்டிக்காரி, ஆனால் எதையும் மெல்லத்தான் சொல்வாள். மற்றவர்கள் தேநீருக்கு எழுந்து போனதும் என் மடக்கை, சைன் எல்லாவற்றையும் அவளிடம் காட்டினேன். அவள் மரியாதையாக முழுவதையும் பார்த்தாள்.

"சரி தான் டீச்சர். ஆனா இவ்ளோ தூரம் போகத் தேவல்ல. மட்டு x போட்டாலே உடையுதே."

மட்டு x! எண்ணின் குறியை எடுத்துவிட்டு அளவை மட்டும் தரும் சார்பு. இரண்டு நேர்கோடுகள் பூச்சியத்தில் சந்தித்து ஒரு மூலை போடும். அங்கே அறுந்துபோகவில்லை, திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். நீ இருந்திருந்தால் அடுத்த தைப்பொங்கல் வரைக்கும் இதைச் சொல்லிச் சிரித்திருப்பாய். ஒன்றை மட்டும் என் பக்கத்தில் சொல்லி வைக்கிறேன்: மறை எண்களை விலக்கிவிட்டால் அவளுடைய உதாரணம் விழுந்துவிடும், என்னுடையது விழாது.

"நீங்க இத எப்ப கண்டீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க குறூப்ல படத்த போட்ட அண்டைக்கே."

"பிறகு ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் என் தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். "மௌத்தானவங்கட கணக்குல கை வெக்க மனசு வரல்ல டீச்சர். நீங்க அவங்கட கூட்டாளி வேற. நான் புதுசா வந்தவ."

யோகா, எனக்குக் கோபம் வந்தது. அவள்மீது இல்லை. நல்ல மனதோடு எல்லோரும் சேர்ந்து உன்னை ஒரு சட்டத்துக்குள் போட்டு மாலை மாட்டிவிட்டார்கள். பொய்யான ஒன்றை நிறுவச் சொல்லி, கலஹாவிலிருந்தும் கடுகண்ணாவையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளிடம் கொடுக்கப் போகிறோம். நேர்மையான பிள்ளை நிறுவ முடியாமல் நேரத்தை எல்லாம் அதிலேயே தொலைக்கும். 'தொடர்ச்சி என்பதால்' என்று ஒரு வரி எழுதித் தாவுகிற பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும். அந்தத் தாளின் தலையில் உன் பெயர்.

ஆனால் திருத்துவதென்றால் பாலா அண்ணாவிடம் சொல்ல வேண்டும். செத்த வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்ன ஒரே விஷயம் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. "கடைசி வரைக்கும் அவவின்ரை மூளை தெளிவாத்தான் இருந்தது. சாகிறதுக்கு முதல் கணக்குப் போட்டவ." அவர் பிடித்துக்கொண்டு நிற்பது அதை. அதை நான் போய் எடுப்பதா?

போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் திகன பஸ் ஏறி, குண்டசாலையில் இறங்கி, உன் வீட்டுக் கேற்றடியில் திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். அவர் கண்டுவிட்டார்.

"வாங்கோ வசந்தா. என்ன, கேற்றைச் சோதினை பண்ணுறியளோ?"

வழக்கமான கதிரையில் இருத்தினார். அவரே தேநீர் ஊற்றினார், சீனி அதிகம். மருந்துக்கடையை இப்போது மத்தியானத்துக்குப் பிறகுதான் திறக்கிறாராம். நான் சுற்றி வளைக்கவில்லை. கேள்வியில் பிழை இருக்கிறது என்று சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன பிழை? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

உன் புருஷனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. மருந்துக்கடையிலிருந்தே தொடங்கினேன்.

"பிள்ளையோட நிறை இரண்டு மடங்கானா மருந்தும் இரண்டு மடங்குன்னு வைங்க. பத்துக் கிலோவுக்கு எவ்வளவுன்னு தெரியும். அப்ப இருபதுக்குத் தெரியும், நாற்பதுக்குத் தெரியும், கீழ அஞ்சுக்கும் தெரியும். அவ்வளவுதான் அந்த விதி சொல்லுது. பதினஞ்சு கிலோப் பிள்ளைக்கு என்ன செய்வீங்க?"

"அதை வைச்சுக் குடுக்கேலாது," என்றார் உடனே. "புத்தகத்தைப் பாக்கவேணும்."

"அதுதான் பிழை அண்ணா. யோகாவோட கேள்வி, அதை வச்சே குடுக்கலாம்னு சொல்லுது."

பத்தும் இருபதும் நாற்பதும் ஒரு குடும்பம். பதினைந்தும் முப்பதும் அறுபதும் இன்னொரு குடும்பம். உன் சமன்பாடு ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் பேசுகிறதே தவிர, ஒன்றைப் பற்றி மற்றதிடம் எதுவும் சொல்வதில்லை. பாதி பாதியாக இறங்கி வந்தால் எல்லாக் குடும்பங்களும் பூச்சியத்தருகே கூடுகின்றன. அங்கே எல்லோருக்கும் ஒரே சாய்வு இருந்தால்தான் மேலே எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். தொடர்ச்சி அந்தச் சாய்வைத் தராது. இதையெல்லாம் கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். பிறகு நம் வழக்கத்தையும், வேண்டுமென்றே விடும் ஓட்டையையும் சொன்னேன். இத்தனை வருடம் நீ அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு வியப்பு.

நான் பயந்த கேள்வி வந்தது.

"அப்ப இது அவ தெரியாமல் விட்ட பிழையோ, இல்லாட்டி உங்களுக்கெண்டு விட்டதோ?"

வேண்டுமென்றே விட்டதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்னச் சொல். அவர் நிம்மதியாக இருந்திருப்பார், நானும் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன். உன் படம் சுவரில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

"தெரியல அண்ணா," என்றேன். "நான் எத்தனையோ விதமா யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரியல."

அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பினார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார்.

"கலியாணம் கட்டின புதுசிலை ஒருநாள் சொதிக்கு உப்பில்லை. நான் வாய் திறக்கேல்லை, நல்லாயிருக்கு எண்டு சாப்பிட்டிட்டன். கை கழுவேக்கை பின்னாலை வந்து நிண்டு கேக்கிறா, உப்பில்லாதது உங்களுக்குத் தெரியேல்லையோ, இல்லாட்டிச் சொல்லப் பயமோ எண்டு. ரெண்டு நாள் கதைக்கேல்லை. பிறகு எத்தினை தரம் உப்பில்லாமல் வந்தது. மறந்து விட்டவவோ, வேணுமெண்டு விட்டவவோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது. நான் சொல்லிப்போடுவன், அவ்வளவுதான்."

"சொன்னா என்ன செய்வா?"

"உப்புப் போடுவா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லாட்டித்தான் அவவுக்குக் கோவம். திருத்துங்கோ, வசந்தா. பேரை மட்டும் எடுத்துப் போடாதேங்கோ."

எடுக்கவில்லை. உன் கூற்றை ஒரு எழுத்தும் மாற்றாமல் வைத்து, 'என நிறுவுக' என்ற இரண்டு சொற்களை மட்டும் நீக்கியிருக்கிறோம். அதற்குப் பதிலாக, 'இக்கூற்று உண்மையா? உண்மையெனில் நிறுவுக, அல்லவெனில் உடைக்க' என்று வருகிறது. இரண்டாம் பகுதியில் பூச்சியத்தில் வகையிடத்தக்கது என்ற நிபந்தனையைச் சேர்த்து நிறுவக் கேட்டிருக்கிறோம். 'உடைக்க' என்பது வினாத்தாள் மொழியா என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஃபஹ்மியா டீச்சர்தான் வாதாடி வென்றாள், சத்தமாக.

அவளுக்கு நம் விதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். என் முதல் வரைவை ஓட்டையோடு அவளிடம் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால், "இது ஓடாது டீச்சர்," என்றாள். அவள் காட்டியது நான் விட்ட ஓட்டையை அல்ல, வேறொன்றை. நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். முகம் மாறாமல் சொல்ல எனக்கு வரவில்லை, பழக வேண்டும்.

ஆனாலும் அமைதி வந்துவிட்டது என்று நினைக்காதே. பஸ்ஸில், வகுப்பில், சோறு வடிக்கும்போது, திடீரென்று அந்தப் படம் நினைவில் வருகிறது. கேள்விக்குக் கீழே வெறுமையாகக் கிடக்கும் அந்த இடம். அதை என் வசதிக்கு எப்படியும் நிரப்பிக்கொள்ளலாம். மயக்கம் என்றால் இரக்கப்படலாம், விளையாட்டு என்றால் சிரிக்கலாம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இரண்டையும் செய்யமாட்டேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே வைத்திருப்பேன்; அந்த இடத்தை எந்த நிபந்தனையையும் போட்டு அடைக்கமாட்டேன். உன் பெயருக்கு மரியாதை என்று எவராவது எதையாவது பார்க்காமல் தலையாட்டினால், குறுக்கே நான் நிற்பேன்.

இந்தக் கடிதத்தையும் முதலில் ஃபஹ்மியா டீச்சரிடம்தான் கொடுக்கப் போகிறேன். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: உடை பாப்பம்.

நீ வைத்த முறையில்,
உன் மச்சாள்
வசந்தா