கலங்கரை விளக்கம் வரை போகிறேன்

என்னங்க,

தூங்குகிறவரை எழுப்ப மனம் வரவில்லை. எழுப்பினால் விடமாட்டீர்கள் என்பதும்தான்.

மாமாவுக்கு மருந்து கொடுத்துவிட்டேன். கஞ்சியை மூடி வைத்திருக்கிறேன். ஆறவைத்து ஸ்பூனால் கொடுங்கள். அவசரப்படுத்தினால் புரையேறும். சாவி ஆணியில் தொங்குகிறது.

கைடு வேலையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கோட்டை, பழைய துறைமுகம், கலங்கரை விளக்கம் என்று காட்டுகிறீர்கள். நேற்று என்னைக் கேட்டீர்களே, "எல்லாம் இலவசம்தானே, போய்ப் பாக்க வேண்டியதுதானே? உன்னை யாரு கட்டிப் போட்டா?" என்று. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் கடலைப் பார்த்தது மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மட்டும்தான். அதுவும் மாமா கூப்பிடுகிறாரா என்று ஒரு காதைக் கீழே வைத்துக்கொண்டு.

இன்று உங்களுக்கு லீவு. அதனால் போகிறேன்.

மாமா என்னைத்தான் கூப்பிடுவார். "அவ இல்லப்பா" என்று படுத்தபடியே குரல் கொடுக்காதீர்கள். எழுந்து போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் குடையை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. பயப்படாதீர்கள், மாமாவைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரத்துக்குள் வந்துவிடுவேன். உங்களுக்குத்தான் அது தெரியாதே.