ஆறு மணிக்கு மேல் புகை

11-11-2024, திங்கள்
எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். சிட்டிபாபு தன் சாயப்பட்டறை பாய்லரில் கழிவுத் துணியைப் போட்டு எரிக்க ஆரம்பித்த அன்றே, எங்கள் நகரி ஊர்ப் பிள்ளைகளுக்கு மூச்சு போகப்போகிறது என்று டீக்கடையில் நாற்பது பேர் முன்னால் சொன்னேன். சரி, பத்துப் பேர். யார் கேட்டார்கள்? இன்று என் தம்பி பேத்தி கௌசிகாவுக்கு வகுப்பிலேயே மூச்சு இழுத்துவிட்டது. பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால்தான் பட்டறை.

14-11, வியாழன்
திருப்பதியில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். புகையிலிருந்து பிள்ளையைத் தள்ளி வைக்கச் சொன்னார். எனக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கிப் பேசினார். "எங்க சார் படிச்சீங்க?" என்றுகூடக் கேட்டார். எட்டாவதோடு நின்றவன் என்றால் நம்பவில்லை. கன்னிகா மருந்து வாங்கப் போயிருந்தாள். பெற்ற தாய், இதையெல்லாம் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

18-11, திங்கள்
பள்ளிக்கூடத்தில் கமிட்டி. தாய்மார்கள், ஹெட்மாஸ்டர், நர்ஸம்மா, பட்டறைக்காரர்கள், எல்லோரும் ஒரே ஜமுக்காளத்தில். ஊரில் இதுவரை நடக்காத காரியம். சிட்டிபாபு, "பாய்லர நிறுத்திட்டா கூலிக்காரங்க என்னாத்த துன்னுவாங்க?" என்றான். நான் எழுந்தேன். ஸ்கூல் விட்ட பிறகு, ஆறு மணிக்கு மேல் கொளுத்துங்கள், திருப்பதி டாக்டர் சொன்னது என்றேன். அவ்வளவுதான், கைதட்டல். "இது எங்க யாருக்கும் தோணலியேண்ணா" என்றான் சிட்டிபாபு. அவன் செலவிலேயே டீ.

20-11
பகலில் புகையே இல்லை. ஹெட்மாஸ்டர் ரோட்டில் நிறுத்திக் கும்பிட்டார்.

2-12, திங்கள்
கன்னிகா வந்தாள். "பெரிப்பா, பகல்ல நல்லாத்தான் கீறா. வெளக்கு வெச்சா இழுக்க ஆரம்பிச்சிடுது. பக்கத்து வீட்டு சீனுவும் அப்டிதான் இருமிக்கினு கீறான்."
பனிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றேன்.
பனிதானே? பிள்ளைகள் பட்டறைத் தெருவிலேதானே குடியிருக்கிறார்கள். ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டில்தானே இருப்பார்கள். இது கமிட்டியில் ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

6-12, வெள்ளி
மறுபடி திருப்பதி. பெரிய டாக்டர் லீவு, வேறொரு டாக்டரம்மா. "சாயந்திரம் எரிக்கச் சொன்னது யாரு? குளிர்ல புகை மேல ஏறாது, தாழ எறங்கி வீட்டுக்குள்ள வரும்" என்றாள். பெரிய டாக்டரே சொன்னாராம் என்றாள் கன்னிகா. "அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரே." கன்னிகா என் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

7-12
சிட்டிபாபுவிடம் போனேன். நிறுத்திவிடு தம்பி என்றேன்.
"நைட் ஷிப்ட்டுக்கு ஆளெல்லாம் மாத்தியாச்சிண்ணா. டாக்டர் பேச்சுன்னு நீதான கமிட்டில சொன்ன? இப்ப வேணாம்னா அதே டாக்டர இட்டுக்கினு வா."
வந்துவிட்டேன்.

10-12, செவ்வாய்
கௌசிகா படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். கன்னிகா ஜன்னல் சந்தில் பழைய புடவையைத் திணித்திருக்கிறாள். புகை அதையும் மீறி வருகிறது. தெருவில் தாய்மார்கள் மறித்து, "டாக்டர இன்னொரு வாட்டி கேட்டு சொல்லுண்ணா" என்கிறார்கள். சரி, கேட்கிறேன் என்கிறேன்.
என்ன கேட்பது? புகையிலிருந்து தள்ளி வை என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மணி பற்றிய பேச்சையே அவர் எடுக்கவில்லை. ஆறு மணி என்று சொன்னது நான்தான்.